அடம்பனைக் களை என்று எழுதியவன்

போன மாதம் ஒரு கையெழுத்துக்காக மன்னார் அரசாங்கக் கச்சேரிக்குப் போனேன். சுகாதாரக் கந்தோரில் புதிதாகச் சேர்ந்த ஓவசியர்மார் இரண்டு பேர் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். அலுமாரியில் கறையான் ஏறிவிட்டதாம். பழைய படிவங்களையெல்லாம் விறாந்தையில் பரப்பி வெயில் காட்டிக்கொண்டிருந்தார்கள். அதில் என் எழுத்து இருந்தது. "ஐயா, ஒரு வெட்டுக்கொத்து இல்லாமல் என்ன வடிவாய் நிரப்பியிருக்கிறியள்" என்று ஒருவர் அதை எடுத்து எனக்கே காட்டினார். தங்கள் சங்கம் போடப்போகிற மலருக்கு அந்தக் காலத்து வேலை முறைகளைப் பற்றி நாலு பக்கம் எழுதித் தர வேண்டுமென்றும் கேட்டார்கள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பாவம், அவர்கள் மரியாதைக்குச் சொன்னதுதான். ஆனால் அவர் தூக்கிப் பிடித்துக் காட்டிய அந்த நாசமாய்ப்போன படிவம் எதுவென்று எனக்குத் தெரியும். அதனால் ஓர் ஊர் குடிதண்ணீர் இல்லாமல் போனது. நாலு பக்கம்தானே, எழுதுகிறேன். மலரில் போட்டால் போடட்டும், இல்லாவிட்டால் அடுப்பு மூட்டட்டும்.

நான் மன்னார்ப் பெருநிலத்து நானாட்டான்காரன். அப்பா வயல் செய்தவர். நாங்கள் பிள்ளைகள் ஆறு பேரும் முழங்கால் சேற்றில் நின்று களை பிடுங்கி வளர்ந்தவர்கள். எனக்குக் கொஞ்சம் இங்கிலீசு ஏறியதால் யாழ்ப்பாணத்தில் ஒரு வருஷம் சுகாதாரப் பயிற்சிக்குப் போகக் கிடைத்தது. கிணற்றுக்கும் மலக்குழிக்கும் எவ்வளவு தூரம் இருக்க வேண்டும், குப்பைக் கிடங்குக்கு எத்தனை நாளுக்கு ஒருமுறை சுண்ணாம்பு போட வேண்டும், நுளம்பு முட்டையிடுகிற தண்ணீருக்கு எவ்வளவு எண்ணெய் ஊற்ற வேண்டும் என்பதுதான் படிப்பு. படித்து முடித்ததும் மன்னார்த் தீவில் சுகாதார ஓவசியராய்ப் போட்டார்கள். உத்தியோகம் உறுதியாக மூன்று வருஷம் ஆகும் என்று நியமனக் கடிதத்திலேயே எழுதியிருந்தது.

முதல் இரண்டு வருஷமும் நாகதாளி வேலை. இப்போது உள்ளவர்களுக்கு அது விளங்காது. அந்நாளில் தீவில் கால் வைக்க இடமில்லாமல் நாகதாளிக் கள்ளி படர்ந்து கிடந்தது. எந்த நாட்டிலிருந்து வந்து சேர்ந்ததோ தெரியாது, வேலிக்கென்று நட்டவர்களையே வீட்டுக்குள் வைத்து அடைத்துவிட்டது. மாடு போக வழி இல்லை, பாம்பு மட்டும் போகும். அதை வெட்டுவது ஒரு தனி வித்தை. நீளக் கம்பில் கொக்கைச் சத்தகம் கட்டி எட்ட நின்று மடலை அறுக்க வேண்டும். விழுந்த மடலைக் கவைக்கம்பால் குத்திச் சாக்கில் போட வேண்டும். கையால் தொட்டால் கண்ணுக்குத் தெரியாத சுணை ஏறி, நல்லெண்ணெய் பூசிக்கொண்டு இரண்டு நாள் அழ வேண்டியதுதான். வெட்டியதை அப்படியே போட்டுவிட்டு வந்தால் விழுந்த ஒவ்வொரு மடலும் வேர் விடும். ஆகவே மார்பளவு கிடங்கு வெட்டி, காயவைத்து, எரித்து, சாம்பலுக்கு மேல் இரண்டு முழம் மண் மூட வேண்டும். ஆறு கூலியாட்களோடு நானும் நின்று செய்தேன். அந்த வேலைக்காக இன்றைக்கும் நான் வெட்கப்படவில்லை. நாகதாளி அந்த மண்ணுக்குச் சத்துரு. அதை அழித்தது சரிதான்.

எனக்கு மேலே இருந்தவர் பெரிய இன்ஸ்பெக்டர் நமசிவாயம். தமிழர்தான். இங்கிலீசுக்காரத் துரை ஒருவர் அவருக்கும் மேலே இருந்தார், ஆனால் துரை வருஷத்தில் ஒருமுறை குதிரையில் வந்து போவார், அவ்வளவுதான். எங்களுக்கு எல்லாம் நமசிவாயம்தான். கஞ்சி போட்ட கோட்டு, அதன் பையில் சிவப்பு மைப் பேனை ஒன்று, கறுப்பு மைப் பேனை ஒன்று. கெட்டவர் என்று சொல்லமாட்டேன். லஞ்சத்துக்குக் கைநீட்டாதவர். ஒருநாளும் குரல் உயர்த்தியதில்லை. நேரத்துக்கு வருவார், நேரத்துக்குப் போவார். ஆனால் கந்தோர் வாசலுக்கு வெளியே உலகம் ஒன்று இருக்கிறது என்பதை அவருக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. நாங்கள் ஏதாவது சொல்லப் போனால் கையை உயர்த்துவார். "அது வாய்க்கதை. எழுத்தில கொண்டுவாரும்" என்பார். எழுத்தில் கொண்டுபோனால், படிவத்தில் அதற்கு இடமில்லை என்று சிவப்பு மையால் அடிப்பார்.

அவருக்கு ஒரு விஷயத்தில்தான் உயிர். படிவத்தில் ஓர் இடமும் காலியாக இருக்கக்கூடாது. காலி இடம் கண்டால் மனுஷனுக்கு உடம்பு சரியில்லாமல் போய்விடும். படிவத்தை விரலால் ஒவ்வொரு கட்டமாகத் தடவிக்கொண்டு வருவார். வெறும் கட்டம் வந்ததும் விரல் நிற்கும். பேசமாட்டார். எங்கள் முகத்தையும் பார்க்கமாட்டார். நாங்கள் குனிந்து அங்கே ஏதாவது எழுதும்வரை அந்த விரல் அங்கேயே இருக்கும். எத்தனையோ பொய்யை அந்த விரலுக்குப் பயந்து நாங்கள் எழுதியிருக்கிறோம்.

இனி பூவலடிக்கு வருகிறேன். தீவின் தெற்குக் கரையில், கடலை முட்டிக்கொண்டு முப்பது நாற்பது வீடுகள். எல்லாரும் முஸ்லிம் ஆட்கள், கடல் தொழில். அங்கே கிணறு கிடையாது. கரையோரமாய் ஒரு மணற்பிட்டி, அதன் பின்னால் ஒரு பள்ளம். அந்தப் பள்ளத்து மணலில் இடுப்பளவுகூட இல்லாமல் தோண்டிய குழிகள்தான் அவர்களுடைய தண்ணீர். பூவல் என்று பெயர். மழைத் தண்ணீர் மணலுக்குள் இறங்கி, கீழே இருக்கிற உப்புத் தண்ணீருக்கு மேல் மெல்லிதாய் நிற்கும். பூவலில் வாளி விடமாட்டார்கள். பெண்கள் குந்தியிருந்து சிரட்டையால் மேல்தண்ணீரை மட்டும் வழித்து வழித்துக் குடத்தில் ஊற்றுவார்கள். ஒரு குடம் நிரப்ப அரை மணித்தியாலம் போகும். அவசரப்பட்டு அடியைக் கலக்கினால் அன்றைக்கு முழுக்கக் கரிக்கும்.

பிட்டியை மூடிப் பள்ளம் முழுக்க அடம்பன் கொடி படர்ந்திருந்தது. இடையிடையே இராவணன் மீசைப் புல். புதுப் பூவல் திறக்கும்போதுகூட அடம்பனை வெட்டமாட்டார்கள். கொடியைத் தூக்கி மடித்து ஒரு பக்கம் வைத்துவிட்டு, தோண்டி முடிந்ததும் பிள்ளைக்குப் போர்த்துவதுபோல விளிம்பிலே திரும்பப் போட்டுவிடுவார்கள். திருக்கை முள் குத்தினால் அதன் இலையை வாட்டித்தான் ஒத்தடம். மற்றபடி அதை யாரும் நடுவதுமில்லை, தின்பதுமில்லை.

பூவலில் யார் எப்போது அள்ளுவது என்ற முறையைப் பார்த்துக்கொண்டவர் சுலைகா உம்மா. முப்பத்தைந்து வயதிருக்கும். புருஷன் கடலுக்குப் போகிறவர். முக்காடு போட்டபடி, முகத்தை அந்தப் பக்கம் வைத்துக்கொண்டுதான் என்னோடு பேசுவார். ஆனால் சொல்ல வேண்டியதை ஒன்றும் விடமாட்டார். நான் முதன்முதல் போனபோது மீன் குடலும் செதிலும் கொட்டுகிற குழி பூவலுக்குக் கிட்டத்தில் இருந்தது. அதைத் தள்ளி வைக்க வேண்டும் என்று காரணம் சொல்லி விளக்கினேன். ஒரு கிழமை கழித்துப் போனபோது குழி பனங்கூடலுக்கு அப்பால் போயிருந்தது. சுலைகா உம்மாதான் நின்று செய்வித்தார். படித்த ஊர்களில்கூட எனக்கு அப்படி ஒரு மரியாதை கிடைத்ததில்லை.

மூன்றாம் வருஷம், குடிதண்ணீர் இடங்களைப் பற்றிப் புதுப் படிவம் ஒன்று வந்தது. இங்கிலீசுப் படிவம். தண்ணீருக்கு ஐம்பது யார், அதாவது நூறு முழம், தூரத்துக்குள் முளைத்திருக்கிற செடிகொடி எல்லாவற்றையும் எழுத வேண்டும். இரண்டே இரண்டு பத்தி. ஒன்று 'குறொப்', மற்றது 'வீட்'. பயிர், களை. உலகத்தில் முளைக்கிற எல்லாம் இந்த இரண்டுக்குள் அடங்கிவிடும் என்று கொழும்பில் கதிரையில் இருந்த யாரோ முடிவு செய்துவிட்டார்.

பூவலடிக்கு வந்ததும் என் பேனை நின்றது. நாகதாளி களை, சரி. நாலு தென்னை பயிர், சரி. அடம்பன்? இராவணன் மீசை? இரண்டையும் வெறுமையாக விட்டுக் கொண்டுபோனேன். நமசிவாயத்தின் விரல் வந்து நின்றது. அன்றைக்கு நான் குனியவில்லை. இது ரெண்டிலயும் சேராது ஐயா என்றேன்.

"ஆர் நட்டது?" என்று கேட்டார்.

ஒருவரும் நடவில்லை என்றேன்.

"ஆர் தின்னுறது?"

ஒருவரும் தின்பதில்லை என்றேன்.

"பிறகென்ன யோசனை? எழுதும்."

எழுதினேன். 'வீட்'. இரண்டுக்கும். மற்றவர் யாராவது எழுதியிருந்தால் தெரியாத்தனம் என்று விட்டுவிடலாம். நான் வயல்காரன் பிள்ளை. களை என்றால் என்ன என்று என் பத்து விரலுக்கும் தெரியும். நெல்லுக்குரிய இடத்தில் நெல்லின் சாப்பாட்டைப் பிடுங்கித் தின்பதுதான் களை. நெல்லே இல்லாத மணலில் எது எதற்குக் களை? அந்த வெறும் பிட்டியில் அடம்பன் யாருடைய சோற்றைத் தின்றது? இதை நான் அவரிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. வடிவான எழுத்தில் எழுதி, கீழே ஒப்பமும் வைத்தேன்.

நாலு மாதம் கழித்து மேலிடத்திலிருந்து ஓடர் வந்தது. குடிதண்ணீருக்கு ஐம்பது யாருக்குள் களை என்று பதிவானதெல்லாம் வேரோடு அகற்றப்பட வேண்டும், பொறுப்பு அந்தந்தப் பகுதி ஓவசியர். ஆதாரம் என்று என் படிவத்தின் இலக்கத்தையே போட்டிருந்தார்கள். நான் ஓடருடன் நமசிவாயத்திடம் ஓடினேன். இது மணலைப் பிடித்துப் பூவலைக் காப்பாற்றுகிற கொடி, பிடுங்கக்கூடாது என்றேன். அவர் என் படிவத்தை எடுத்து என் முன்னால் வைத்தார். "இது உம்மட எழுத்துத்தானே?" என்று மட்டும் கேட்டார். ஓடரை மடித்துக்கொண்டு வெளியே வந்தேன்.

நாகதாளிக்குப் போன அதே ஆறு கூலியாட்களோடு போனேன். சுலைகா உம்மா பூவலுக்கு முன்னால் வந்து நின்றார். மற்றப் பெண்கள் குடத்தோடு பின்னால் நின்றார்கள். களை பிடுங்க அரசாங்க ஓடர் என்று சொன்னேன். அவர் முதல்முறையாக என் முகத்தை நேரே பார்த்தார்.

"களை எண்டால் வயலுக்க முளைக்கிறதெல்லோ ஓவசியர்? இஞ்ச வயல் எங்க கிடக்கு?"

நான் எனக்குள் கேட்டுக்கொண்ட கேள்வியை அட்சரம் பிசகாமல் அவர் கேட்டார். அதற்கு நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அது உங்களுக்கு விளங்காது" என்றேன். இத்தனை வருஷத்துக்குப் பிறகும் அந்த வார்த்தையை நினைத்தால் என் கன்னத்தில் நானே அறைய வேண்டும்போல் இருக்கிறது. எனக்கு விளங்கியது, அவருக்கு விளங்கியது, கூலியாட்களுக்கும் விளங்கியது. மூன்று நாளில் பிட்டியை மொட்டையடித்து, கொடியைக் குவித்து எரித்தோம். வேலை திருப்தி என்று நமசிவாயம் கறுப்பு மையால் எழுதினார்.

சோளகம் பிறந்தது. மன்னாரில் சோளகக் காற்றைத் தெரியாதவர்களுக்கு என்ன சொல்ல? ஆளைத் தள்ளும், சோற்றுக் கோப்பைக்குள் மணலைப் போடும். பிடிமானம் போன பிட்டி ஒரு மாதத்தில் எழும்பிப் பள்ளத்துக்குள் இறங்கிவிட்டது. பூவல் எல்லாம் மூடிப்போனது. விடியத் தோண்டினால் மத்தியானம் நிரம்பிவிடும். ஆண்கள் கடலுக்குப் போகாமல் மணல் அள்ளினார்கள். பிட்டி தணிந்தபடியால் முழுநிலாப் பறுவத்துப் பெருக்கில் கடலும் உள்ளே வந்து பள்ளத்தில் நின்றது. இருந்த இனிப்பும் அதோடு போயிற்று. தோட்டவெளிப் பக்கத்திலிருந்து தலையில் சுமந்தும் வண்டியில் ஏற்றியும் தண்ணீர் கொண்டுவந்தார்கள்.

ஆண்கள் நாலு பேர் கச்சேரிக்குப் போய்ப் பெத்திசம் கொடுத்தார்கள். துரை அதை விசாரிக்கச் சொல்லி நமசிவாயத்துக்கே அனுப்பினார். பிடுங்கச் சொன்னவரிடமே பிடுங்கியது சரியா என்று கேட்கிற புத்திசாலித்தனம் அரசாங்கத்துக்குத்தான் வரும்.

நமசிவாயம் வந்தார். வேலையில் சேர்ந்து இத்தனை காலத்தில் அன்றைக்குத்தான் பூவலடியைப் பார்க்கிறார். கந்தோரிலிருந்து ஒரு கதிரையும் வண்டியில் வந்தது. அதை உடைமர நிழலில் போட்டு, கைலேஞ்சியால் துடைத்துவிட்டு இருந்தார். சப்பாத்துக்குள் மணல் போகாமல் காலை ஒரு பலகையில் வைத்துக்கொண்டார். ஊர்ச் சனம் சொன்னதை ஒரு மணித்தியாலம் கேட்டார். கேட்டதில் ஒரு வரிகூட எழுதவில்லை. கடைசியில், பூவல் என்பது சுகாதாரக் கேடான பழக்கம், அதற்குப் பதிலாக அரசாங்கம் ஆழமான கட்டுக் கிணறு வெட்டித் தரும் என்றார். பரோபகாரி மாதிரிச் சொன்னார்.

சுலைகா உம்மா ஆட்களுக்குப் பின்னால் நின்றுகொண்டு, "கீழ போனால் கடல்தான் ஐயா" என்றார்.

நமசிவாயம் அவரைப் பார்க்கவில்லை. என் பக்கம் திரும்பினார். "ஓவசியர், நீர் இஞ்ச மூண்டு வருசம் நிண்டனீர். ஆழமாய் வெட்டினால் தண்ணி வருமோ, வராதோ?"

என்னை உத்தியோகத்தில் உறுதிப்படுத்துகிற கடிதம் அந்த மாதம் அவருடைய மேசையில் கிடந்தது. எனக்கு அது தெரியும். எனக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும். அப்பா அந்த வருஷம் விதைக்கவில்லை, தங்கச்சிக்குக் கலியாணம் பேசியிருந்தார்கள். இதெல்லாம் காரணம் என்று எழுத நினைத்தேன். எழுதிப் பார்த்தால் காரணமாய்த் தெரியவில்லை.

"வரும் ஐயா" என்றேன்.

பொய் இல்லை. தண்ணீர் வரும். என்ன தண்ணீர் என்று அவர் கேட்கவில்லை, நான் சொல்லவுமில்லை. ஊர்ச் சனம் முழுக்க என்னைப் பார்த்தது. ஒரு கிழவர் மட்டும் காறி மணலில் துப்பினார்.

கிணறு வெட்டினோம். பொளிகல் இறக்கி, சீமெந்து பூசி, சுற்றிவர நடைமேடையும் கட்டினோம். தீவில் அப்படி ஒரு வடிவான கிணறு வேறு இல்லை. முதல் இரண்டு நாளும் குடிக்கக் கூடியதாய்த்தான் இருந்தது. நானும் அட, பிழைத்துவிட்டேன் என்று நினைத்தேன். மூன்றாம் நாள் ஊறியது கடல். அதற்குள் என் கடிதமும் வந்துவிட்டது. நான் உறுதிப்படுத்தப்பட்ட ஓவசியர்.

வேலை முடிந்ததற்கான படிவத்தோடு ஐந்தாம் நாள் போனேன். சுலைகா உம்மா கிணற்றடியில் நின்றார். கோபமாய் ஒன்றும் பேசவில்லை. பேசியிருக்கலாம், ஏசியிருக்கலாம். வாளியை இறக்கி அள்ளி, ஒரு சிரட்டையில் ஊற்றி, கட்டின்மேல் எனக்கு எட்டுகிற தூரத்தில் வைத்தார்.

"குடிச்சுப் பாருங்கோ."

குடித்தேன். தொண்டைக்குள் இறங்க மறுத்தது. விழுங்கினேன்.

"கரிக்குதோ?"

"ஓம்."

"அப்ப அதை எழுதுங்கோ ஓவசியர். நாங்கள் சொன்னால் ஆரும் கேக்கினமில்லை. நீங்கள் எழுதினால் துரை வாசிப்பார்."

படிவத்தை விரித்தேன். கிணற்றின் ஆழம், விட்டம், பிடித்த நாட்கள் எல்லாவற்றுக்கும் கட்டம் இருந்தது. தண்ணீரைப் பற்றி ஒரே ஒரு கட்டம். தண்ணீர் கண்டதா? ஆம், அல்லது இல்லை. கரிக்கிறது என்று எழுத இடமில்லை. ஓரத்தில் எழுதியிருக்கலாம். பின்பக்கத்தில் எழுதியிருக்கலாம். சிவப்பு மையால் அடித்துத் திருப்பி அனுப்புவார், திரும்பவும் எழுதியிருக்கலாம். வேலைதான் உறுதியாகிவிட்டதே, இனி யாருக்குப் பயம்? அந்த நாய்ப் பழக்கத்துக்குப் பயம் தேவையில்லை. 'யெஸ்' என்று எழுதி ஒப்பம் வைத்தேன்.

இங்கிலீசு எழுத்து சுலைகா உம்மாவுக்குத் தெரியாது. என் பேனை நிற்பதைப் பார்த்துவிட்டு, "எழுதிப்போட்டியளோ?" என்று கேட்டார்.

"எழுதிப்போட்டன்."

அவருடைய முகம் தெளிந்தது. அந்தக் கொடி பிடுங்கிய நாளுக்குப் பிறகு அப்படி ஒரு முகத்தை நான் கண்டதில்லை. பின்னால் நின்ற பெண்களைத் திரும்பிப் பார்த்து, ஓவசியர் எழுதிப்போட்டாராம், இனி மேலிடத்து ஆட்கள் வந்து பார்ப்பினம், அதுமட்டும் பொறுத்துக்கொள்ளுங்கோ என்றார். போகும்போது எனக்கு இரண்டு கருவாட்டுப் பொட்டலமும் கட்டித் தந்தார். நான் வாங்கிக்கொண்டு வந்தேன்.

அதற்குப் பிறகு நான் அந்தப் பக்கம் போகவில்லை. வேறு பகுதிக்கு மாற்றம் கேட்டேன், உடனே கிடைத்தது. ஒரு வருஷத்துக்கு மேல் சென்று, விடத்தல்தீவுச் சந்தையில் பூவலடி ஆள் ஒருவரைக் கண்டேன். மனுஷன் என்னை ஏசவில்லை, சுகம் விசாரித்தார். எல்லாரும் வீடு வீடாய்க் கிளம்பிவிட்டார்களாம். அந்தக் கிணற்றுத் தண்ணீரைக் குடித்துக்கொண்டு கடைசிவரை இருந்தது சுலைகா உம்மாவின் வீடுதானாம். ஏன் அவ்வளவு காலம் இருந்தார்கள் என்று கேட்டேன்.

"மேலிடத்து ஆள் வந்தால் கிணத்தைக் காட்ட ஒருத்தர் நிக்க வேணுமெல்லோ" என்று சுலைகா உம்மா சொல்லிக்கொண்டிருந்தாராம்.